பலகையில் இல்லாத பதினான்கு மாதங்கள்

ஏஞ்சலின் அந்தப் பள்ளியில் வரலாறு எடுக்க வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பாடத்தை நேரத்துக்கு முடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று தலைமையாசிரியரே சொல்வார். ஆனாலும் பரீட்சை முடிந்த மறுநாள் பிள்ளைகள் எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டு வந்து நிற்பது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. பஞ்சாயத்து ராஜ் சட்டத்திருத்தம் எத்தனையாவது என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்லுகிற பிள்ளைக்குத் தன் ஊரில் யார் யார் தலைவராக இருந்தார்கள் என்று தெரியவில்லை.

அதனால் அந்த வருடம் பதினோராம் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தாள். மூன்று பேர் ஒரு குழு. சொந்த ஊர் அரசியலில் நடந்த ஏதாவது ஒன்றைத் தேடிப் பிடித்து, ஐந்து நிமிட வீடியோவாக எடுத்து வர வேண்டும். ஒரு காகிதம், ஒரு மனிதர், ஓர் இடம் ஆகிய மூன்றும் அதில் சாட்சியாக இருந்தே ஆக வேண்டும்.

"காகிதம் பொய் சொல்லும். மனுஷனும் பொய் சொல்லுவான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. எங்க இடிக்குதோ அங்க நில்லுங்க. ஆளக் கேக்காம ஒரு வரிகூட எழுதக் கூடாது" என்றாள்.

பள்ளி இருந்தது எருக்கந்தாங்கலில். ஊத்துக்கோட்டை சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஊர். வகுப்பறையின் ஒரு பக்க ஜன்னலில் நெல் வயல் தெரியும். மறுபக்க ஜன்னலில், தூரத்தில், இரும்பு உருக்கும் கம்பெனிகளின் புகைபோக்கிகள் தெரியும். வயல்காரர்களின் பிள்ளைகளும் கம்பெனிக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனது கிடையாது.

அப்படி ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்தான் நர்மதாவும் சாராளும். நர்மதாவின் வீடு கோயில் தெருவில். இருபது ஏக்கர் நஞ்சை. சாராளின் வீடு காலனியில். அப்பா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பெனி வேலை. மூன்றாவது ஆளாக குணாவைச் சேர்த்துக்கொண்டார்கள். அவனிடம் நல்ல போன் இருந்ததுதான் காரணம் என்று இரண்டு பேரும் அவன் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

அவர்கள் முதலில் போனது ஊராட்சி அலுவலகத்துக்கு. சுவரில் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் தலைவர்களின் பெயர்ப் பட்டியல் இருந்தது. குணா அதைப் படம் பிடித்துக்கொண்டு வந்தான். மறுநாள் வகுப்பில் சாராள் அந்தப் படத்தை விரல்களால் பெரிதாக்கி ஏஞ்சலினிடம் நீட்டினாள்.

"மிஸ், இங்க பாருங்க. தொண்ணூத்தொண்ணோட ஒருத்தர் முடியறாரு. அப்புறம் நேரா தொண்ணூத்தேழு டிசம்பர்ல 'க. மணவாளன், பொறுப்பு'ன்னு கீது. நடுவுல இன்னா ஆச்சு?"

"தொண்ணூத்தொண்ணுக்கு அப்புறம் அஞ்சு வருஷம் தேர்தலே நடக்கலையே."

"அது சரி மிஸ். ஆனா தொண்ணூத்தாறு அக்டோபர்ல நடந்துச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? அதுல இருந்து பதினாலு மாசம் கீது. அந்தப் பதினாலு மாசம் யாரு தலைவர்?"

ஏஞ்சலின் போனை வாங்கி மறுபடி பார்த்தாள். ஒவ்வொரு தேர்தல் பணிக்கும் அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்துதான் அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். வருடங்களை ஒரு நாளும் கூட்டிப் பார்த்ததில்லை.

"மணவாளன் எங்க தாத்தா மிஸ்" என்றாள் நர்மதா. அன்றைக்கு அவள் அதைக் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள்.

ஏஞ்சலினும் பிள்ளைகளும் ஊராட்சிச் செயலர் தணிகைவேலைப் போய்க் கேட்டார்கள். அவர் வேலைக்கு வந்தது பிற்பாடு. "எனக்குத் தெரியாது டீச்சர். பழைய தீர்மானப் புத்தகம் பீரோவுல கீது. வேணும்னா இங்கயே உக்காந்து பாத்துக்குங்க. வெளிய எட்த்துகினு போவக் கூடாது" என்று சாவியைக் கொடுத்தார்.

ஓரங்களைப் பூச்சி அரித்த புத்தகம். 1996 நவம்பர் முதல் ஒவ்வொரு கூட்டத்துக்கும் கீழே, சற்றே வலது பக்கம் சாய்ந்த அழகான கையெழுத்து: 'த. மணியம்மாள், தலைவர்.' காலனியில் தெருக்குழாய் போட ஒரு தீர்மானம். தீர்மானப் புத்தகத்தை இனி யார் வீட்டிலும் வைக்காமல் அலுவலகத்திலேயே வைக்க வேண்டும் என்று இன்னொன்று. 1998 ஜனவரியிலிருந்து கையெழுத்து மாறிவிடுகிறது. காரணம் எழுதப்படவில்லை.

ஒன்றிய அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஏஞ்சலினே தன் பெயரில் மனுப் போட்டாள். முப்பத்து நான்காவது நாள் பதிவுத் தபாலில் மூன்று தாள்கள் வந்தன. அதில் ஒன்று ராஜினாமா கடிதத்தின் நகல். திருவள்ளூர் தனி மாவட்டமாகி ஒரு வருடம் நிறையாத நேரம். மாவட்ட ஆட்சியருக்கு எழுதப்பட்டிருந்தது. 'உடல்நிலை காரணமாக, என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று தட்டச்சில் நான்கு வரி. கீழே மையில் ஒரு ரேகை. 'த. மணியம்மாள், இடது கைப் பெருவிரல்.'

மூன்று பேரும் புத்தகத்தின் படத்தையும் கடிதத்தையும் பெஞ்சில் பக்கம் பக்கமாக வைத்தார்கள். இடித்தது.

"கள்ளக் கைநாட்டு மிஸ்! கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்க எதுக்குக் கைநாட்டு வைக்கணும்?" என்று குணா கத்தியே விட்டான்.

ஏஞ்சலின் அவனை அடக்கவில்லை. ஒன்பது வருடத்தில் அவள் வகுப்பில் இப்படி ஒன்று நடந்ததில்லை. மூன்று நாளில் பிள்ளைகள் வசனம் எழுதி வந்தார்கள். தலைப்பு: 'அந்த ரேகை யாருடையது?' மோசடி என்ற சொல் நான்கு இடத்தில் இருந்தது. அவள் சந்திப்பிழைகளைத் திருத்தி, ஓரத்தில் 'மிக நன்று' என்று எழுதிக் கொடுத்தாள். மாவட்ட அளவிலான போட்டிக்கு அனுப்பலாம் என்றுகூட மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டாள். நர்மதா மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தாள். அதை ஏஞ்சலின் கவனித்தாள், ஆனால் கேட்கவில்லை.

மணியம்மாள் உயிரோடு இருக்கிறாள் என்பதை சாராளின் அப்பாதான் சொன்னார். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியின் கேன்டீனில் சூப்பர்வைசராக இருக்கிறாளாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேருமாக ஷேர் ஆட்டோ பிடித்துப் போனார்கள். தொழிற்பேட்டைக்குப் பின்னால் வரிசை வீடுகள். அப்போதுதான் காலை ஷிப்ட் முடிந்து மணியம்மாள் வந்திருந்தாள். ஐம்பத்தாறு வயது, நிமிர்ந்த உடம்பு, அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது.

பிள்ளைகள் சொல்லச் சொல்லக் கேட்டாள். கடிதத்தின் நகலை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். குணா போனை முக்காலி மேல் சாய்த்து வைத்து ஓட விட்டிருந்தான்.

"கள்ளக் கைநாட்டு இல்லம்மா இது. என் வெரலுதான்" என்றாள்.

மூவரும் விழித்தார்கள்.

"அப்போ புத்தகத்துல கீற கையெழுத்து?" என்றாள் சாராள்.

"அதுவும் என்னுதுதான். எட்டாவது படிச்சவ நானு. எங்க தெருவுக்கே லெட்டர் எழுதிக் குடுப்பேன்."

ஏஞ்சலினின் கைப்பையில் அந்த வசனத் தாள்கள் இருந்தன. பையை மெல்ல மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

மணியம்மாள் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். கதை சொல்கிற குரல் இல்லை அது. ஷிப்ட் மாறும்போது அடுத்த ஆளிடம் வேலையை ஒப்படைக்கிற குரல்.

"நின்னதே நானா நிக்கல. சீட்டு பொம்பளைக்கு, அதுவும் எங்க ஆளுங்களுக்குன்னு வந்துட்ச்சு. ஊர்ல கூடிப் பேசி, நம்ம சொன்னபடி கேப்பான்னு என்னைய புட்ச்சு நிக்க வச்சாங்க. எதுத்து யாரும் நிக்கல. மணவாளன் ஐயா கழனியிலதான் நான் நடவுக்குப் போய்க்கினு இருந்தேன். அவரு துணைத் தலைவரு. காட்டுன எடத்துல கையெழுத்துப் போடுவேன்னு நெனச்சாங்க. நானு படிச்சுப் பாத்துட்டுப் போட ஆரம்பிச்சேன். அங்கதான் பேஜாரு."

"மெரட்டினாங்களா?" என்றான் குணா.

"மெரட்டியிருந்தா சண்ட போட்டிருப்பேன். அந்த வருஷம் நடவுக்கு எங்க தெருவுல ஒருத்தரையும் கூப்புடல. வெளியூர்ல இருந்து ஆள எறக்குனாங்க. களையெடுக்கவும் கூப்புடல. முப்பத்திரண்டு ஊடு. பொழப்பு கழனிய விட்டா வேற கெடையாது. எங்க ஆளுங்க என் ஊட்டு வாசல்ல வந்து நின்னாங்க. ஒருத்தரும் ஒரு வார்த்த திட்டல. வந்து நின்னாங்க, போனாங்க. மறுநாளும் வந்து நின்னாங்க. அத்தத்தான் தாங்க முடியல."

டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அறுப்புக்கு முன்னாடி ஐயா லெட்டர் அடிச்சு எட்த்துகினு வந்தாரு. கையெழுத்துப் போடுன்னாரு. மைப்பொட்டி குடுங்க, கைநாட்டு வைக்கிறேன்னேன். ஒரு நிமிசம் என்னையே பாத்தாரு. அப்புறம் ஆள அனுப்பி மைப்பொட்டி எட்த்தாரச் சொன்னாரு."

"ஏம்மா அப்படி?" என்றாள் சாராள்.

"ஆபீசுல அத்தினி காயிதத்துல என் கையெழுத்து கீது. இதுல மட்டும் ஏன் கைநாட்டு, இன்னா நடந்துதுன்னு எவனாவது ஒருத்தன் கேப்பான்னு நெனச்சேன். கேட்டா சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஒன்றியத்துல கேக்கல. கலெக்டர் ஆபீசுலயும் கேக்கல. இருவத்தேழு வருஷம் ஆச்சு. நீங்கதான் மொதல்ல வந்துகிறீங்க."

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அப்புறம் அவள் சாராளைப் பார்த்துச் சொன்னாள். ராஜினாமாவுக்குப் பிறகும் கழனி வேலை பழையபடி வரவில்லை. அந்த வருடம்தான் காலனி ஆட்கள் கம்பெனிப் பக்கம் திரும்பினார்கள். முதல் நாள் பஸ் ஏறியவர்கள் பதினோரு பேர். "ஒங்கப்பனும் அதுல ஒருத்தன். மீசை கூட சரியா மொளைக்கல அப்போ."

"நல்ல சம்பளம்னு போனேன்னுதான் எங்கப்பா எப்பவும் சொல்லும்" என்றாள் சாராள் மெதுவாக.

"அதுவும் மெய்தான். அப்புறம் நல்ல சம்பளம் வந்துச்சே."

அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த நர்மதா தலையைத் தூக்கினாள். "மணவாளன் எங்க தாத்தா" என்றாள்.

"தெரியும். நீ உள்ள வர்றப்பவே மூக்கப் பாத்துத் தெரிஞ்சுக்கினேன். டீ ஆறுது, குடி." அவள் டம்ளரை எடுத்துக் குடிக்கும் வரை மணியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒங்க தாத்தாவயும் போய்க் கேளு. நான் சொல்றத மட்டும் வச்சு எழுதிடாத."

திரும்பி வரும்போது ஆட்டோவில் ஏஞ்சலின் அந்த வசனத் தாள்களை எடுத்துப் பார்த்தாள். ஆளைக் கேட்காமல் ஒரு வரி எழுதக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னவள் அவள்தான். ஆளைக் கேட்காமல் எழுதியதற்கு 'மிக நன்று' போட்டவளும் அவள்தான். பாவம் என்று தானாக முடிவு கட்டி வைத்திருந்தாள் மணியம்மாளை. ஏமாற்றப்பட்டவள், கைவிரலைப் பிடித்து அழுத்தப்பட்டவள் என்று. அந்தப் பெண்ணோ இருபத்தொன்பது வயதில், அத்தனை நெருக்கடியிலும், ஒரு சாட்சியைத் தயார் செய்து அரசாங்கத்தின் பீரோவிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

மறுநாள் வகுப்பில் பழைய வசனத்தை எல்லோர் முன்னாலும் கிழித்துப் போட்டாள். "தப்பு என்னுது. நீங்க ஊகம் பண்ணீங்க, நான் மார்க் போட்டேன்" என்றாள்.

அந்த வாரமே நர்மதாவின் அப்பா அன்புசெல்வன் பள்ளிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் வண்டிச் சாவி. ஆசிரியர் அறையில் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"டீச்சர், பசங்க நாலு எடம் போய் படிக்கட்டும், நல்லதுதான். எங்க ஊட்டுக் கதைய நோண்டறது எதுக்கு? எங்கப்பாவுக்கு எழுபத்து மூணு வயசு. ஊர்ல மரியாதையா இருந்துட்டாரு."

"அது வீட்டுக் கதை இல்லீங்க. ஊராட்சி ரெக்கார்டு."

"ரெக்கார்டு இருக்கட்டும்." சாவியை மேசையில் வைத்தார். "டீச்சருக்கு எந்த ஊரு?"

"கவரைப்பேட்டை."

"கவரைப்பேட்டையில எங்க? யாரு ஊடு?"

அந்தக் கேள்வியை அவள் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறாள். எந்தத் தெரு, யார் வீடு என்பதற்கு உள்ளே இருக்கிற கேள்வி என்ன என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய அப்பாவும் கழனி வேலையை விட்டு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துக் கம்பெனிக்குப் போனவர்தான். 'நம்ம வேலைய பாத்துக்கினு இருந்துடணும், ஊர்க்காரங்களோட வம்பு வேணாம்' என்பது அவர் சாகும்வரை சொன்ன ஒரே புத்திமதி. அது அவளுக்குள் எங்கேயோ ஆழத்தில் படிந்து போயிருந்தது.

"ஸ்டேஷனுக்குப் பின்னாடி" என்றாள். தன் குரல் இறங்கிப் போனது அவளுக்கே கேட்டது.

அவர் தலையாட்டினார். மேசையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். மேற்கொண்டு சொல்லத் தேவை இருக்கவில்லை.

அன்று மாலை அவள் மூன்று பேரையும் கூப்பிட்டு, பெயர்களை எடுத்துவிடலாம் என்றாள். ஊர்ப் பெயர் வேண்டாம், 'வட மாவட்டத்தில் ஓர் ஊராட்சி' என்று போதும். தலைவர், துணைத் தலைவர் என்று மட்டும் சொல்லலாம். விஷயம் முக்கியம், பெயரா முக்கியம்?

சாராள் அவளையே பார்த்தாள். "அந்தப் பலகையிலயும் பேரு இல்ல. நம்ம வீடியோவுலயும் வேணாமா மிஸ்?"

ஏஞ்சலின் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "யோசிச்சுத்தான் சொல்றேன்" என்றாள். அது பொய். யோசிக்கவே இல்லை, பயந்தாள்.

அதற்குப் பிறகு நான்கு நாள் நர்மதா பள்ளிக்கு வரவில்லை. வேறு பள்ளிக்கு மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. ஐந்தாம் நாள் வந்தாள். முதல் மணி அடிப்பதற்கு முன்பே ஆசிரியர் அறை வாசலில் நின்றாள்.

"மிஸ், இத்த கேளுங்க" என்று போனை நீட்டினாள்.

பின்னணியில் மோட்டார் பம்பு ஓடுகிற சத்தம். நர்மதாவின் குரல் கேட்டது.

"மணியம்மாள் ராஜினாமா லெட்டர நீங்கதான் எட்த்துகினு போனீங்களா தாத்தா?"

"ஆமா. நான்தான் ஊத்துக்கோட்டையில டைப் அடிச்சு எட்த்துகினு போனேன். அதுக்கு இன்னா இப்போ?" ஒரு கிழவரின் கரகரத்த குரல். பயமோ வெட்கமோ அதில் இல்லை. "கவர்மெண்டு சீட்ட தூக்கி அவங்களுக்குக் குடுத்துட்ச்சு. தலைமுறை தலைமுறையா ஊர நடத்துனவன் பாத்துக்கினு நிக்கணுமா? அவ கேள்வி கேட்டா. எனக்குப் புடிக்கல. அவ்வளவுதான்."

"கழனி வேலைக்கு யாரையும் கூப்புட வேணாம்னு சொன்னது?"

"நானும் சொன்னேன். எல்லாரும்தான் சொன்னாங்க."

"அவங்க ஏன் கைநாட்டு வச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

வெகுநேரம் மோட்டார் சத்தம் மட்டும் ஓடியது. ஏஞ்சலின் பதிவு முடிந்துவிட்டது என்றே நினைத்தாள்.

"அவ கையெழுத்து என்னுதவிட நல்லா இருக்கும். மைப்பொட்டி கேட்டப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு, எதுக்குக் கேக்கறான்னு. வேணாம், கையெழுத்தே போடுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல."

"ஏன் தாத்தா?"

"எவன் பாக்கப் போறான்னு நெனச்சேன்." ஒரு செருமல். "நெனச்ச மாதிரியேதான் ஆச்சு."

போனை அணைத்துவிட்டு நர்மதா சொன்னாள்: "பேரு போட்டுத்தான் ஆவணும் மிஸ். பேரு இல்லாம போட்டா வேற யாரோ பண்ணதா ஆயிடும். தாத்தா கிட்ட கேட்டுட்டேன். சொன்னது சொன்னதுதான், போட்டுக்கோன்னாரு. நைனாதான் ரெண்டு நாளா எங்கிட்ட பேசல."

"உனக்குக் கஷ்டமா இல்லையா?"

"கஷ்டமாத்தான் கீது." அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "தாத்தான்னா எனக்கு ரொம்பப் புடிக்கும் மிஸ். இப்பவும் புடிக்குது. அதுதான் இன்னா பண்றதுன்னு தெரியல."

பாடப்புத்தகத்தில் இதற்கு விடை கிடையாது. ஏஞ்சலின் அவள் தோளில் கை வைத்தாள். அந்தப் பதினாறு வயதுப் பெண் தன் வீட்டுக்குள்ளேயே போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். தானோ 'யாரு ஊடு' என்ற ஒரு வார்த்தைக்கு மடங்கிப்போனவள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே எழுந்து தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

பிள்ளைகள் பெயர்களோடு எடுத்து முடித்ததும் அவர் முழு வீடியோவையும் பார்த்தார், இரண்டு முறை. மேலிடத்தில் அனுமதி வாங்காமல் இணையத்தில் ஏற்றக் கூடாது. வகுப்பில் போட்டுக்கொள்ளலாம் என்றார். "ஏதாவது வந்தா ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வரும் டீச்சர்" என்றார் கடைசியில். அந்த 'ரெண்டு பேருக்கும்' என்ற சொல்லை அவள் எதிர்பார்க்கவில்லை. பெயர்கள் இருக்கும் என்று அவளே அன்புசெல்வனுக்குப் போன் செய்து சொன்னாள். அவர் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

வீடியோ போட்டது ஒரு வியாழக்கிழமை, கடைசிப் பாடவேளையில். மணியம்மாளுக்கு அன்று வார விடுமுறை. மாம்பழ மஞ்சளில் புடவை கட்டிக்கொண்டு வந்து, நாற்பத்தோரு பிள்ளைகளுக்கு நடுவே முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். மணவாளன் வரவில்லை. 'நான் எத்தினி நிமிசம் வரேன்?' என்று மட்டும் பேத்தியிடம் கேட்டாராம். ஒன்றரை நிமிடம் என்றதும், 'அவ?' என்று கேட்டாராம்.

ஐந்து நிமிடம் என்று சொன்ன வீடியோ ஸ்மார்ட் போர்டில் ஏழு நிமிடம் ஓடியது. பலகை வந்தது. தீர்மானப் புத்தகம் வந்தது. மோட்டார் சத்தம் வந்தது. அதன்மேல் நர்மதாவின் குரல்: "இவர் என் தாத்தா. இவர் சொன்னதில் ஒரு சொல்லையும் நாங்கள் வெட்டவில்லை." கடைசியில் காலனியிலிருந்து முதன்முதலில் கம்பெனி பஸ் ஏறிய பதினோரு பேரின் பெயர்களையும் சாராள் ஒவ்வொன்றாகப் படித்தாள். தன் அப்பாவின் பெயரை அவள் மற்றப் பெயர்களைப் போலவே, அதே குரலில் படித்தாள்.

விளக்குப் போட்டார்கள். பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"மறுபடியும் எலெக்ஷன்ல நிப்பீங்களா?"

மணியம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "நிப்பேன். ஆனா இந்த வாட்டி யாரும் என்னைய நிக்க வைக்கக் கூடாது. நானா நிக்கணும்."

வகுப்பு முழுக்கச் சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. பிறகு கேள்விக்கு மேல் கேள்வி. ராஜினாமா செய்தது சரியா என்று ஒரு பெண் கேட்டாள். "முப்பத்திரண்டு ஊட்டுக்கும் நெல்லு இருந்திருந்தா செஞ்சிருக்க மாட்டேன்" என்றாள் மணியம்மாள். அந்தப் பெண் அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு ஏதோ யோசித்து, அடித்துவிட்டு, திரும்ப எழுதினாள். ஏஞ்சலின் சுவரோரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடமாக அவள் கேட்க நினைத்த சத்தம் அதுதான், அடித்து எழுதுகிற பேனாவின் சத்தம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இணையத்தில் ஏற்ற அனுமதி கேட்டுப் போட்ட கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை. கிராம சபையில் சாராளின் அம்மா எழுந்து பலகையில் பெயர் சேர்க்கச் சொல்லி மனுக் கொடுத்தாள். தணிகைவேல் தீர்மானமாக எழுதிக்கொண்டார். பெயிண்ட் அடிக்க ஆள் இன்னும் வரவில்லை. அன்புசெல்வன் ஏஞ்சலினை வழியில் பார்த்தால் வண்டியை மெதுவாக்காமல் போகிறார். நர்மதா மட்டும் ஒரு நாள் மதியம் சாராளின் வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை; மறைக்கவும் இல்லை.

அந்த வியாழக்கிழமை பள்ளி விட்டதும் ஏஞ்சலின் மணியம்மாளை ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்துக்கு அழைத்துப் போகக் கிளம்பினாள். ஏரிக்கரை மேல் போனால் ஐந்து நிமிடம். மணியம்மாள் கரையில் ஏறாமல் நின்றாள்.

"ஊருக்குள்ள போவலாமா? இருவத்தேழு வருஷமா நான் இந்த ஊர்ல எறங்கல. பஸ் இப்படிப் போச்சுன்னா தூங்கற மாதிரி கண்ண மூடிக்குவேன்."

"அது சுத்துவழியாச்சேக்கா."

"சுத்தட்டும்."

கோயில் தெரு வழியாக நடந்தார்கள். நெல் காயப் போட்டிருந்தார்கள். ஓரமாக ஒதுங்கிப் போக வேண்டியிருந்தது. இரண்டு மூன்று பேர் நின்று பார்த்தார்கள். ஒருவர் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். மணியம்மாள் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்த பூவம்மாள், காலனிக்காரி, பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அய்ய, மணியம்மா! நீயா? எப்போ வந்தே? இன்னா விசயம்?"

"பள்ளிக்கூடத்துல ஒரு வேல இருந்துது" என்றாள் மணியம்மாள்.

"ஊட்டுக்கு வா. ஒரு வாய் துன்னுட்டுப் போவியாம்."

"நாளைக்குக் காலம்பற அஞ்சு மணி ஷிப்ட். ஞாயித்துக்கெழம வரேன், கொழம்பு வை."

"மெய்யா வரியா?"

"வரேன்னுதான சொல்லிக்கினு கீறேன்."

ஆட்டோ நிறைந்திருந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் மட்டும் இடம். மணியம்மாள் ஏறி உட்கார்ந்து, புடவைத் தலைப்பு வெளியே பறக்காமல் இழுத்துச் செருகிக்கொண்டாள். ஏஞ்சலினுக்குக் கை காட்டினாள். "மெதுவா போப்பா, பாத்துக்கினே வரேன்" என்றாள் ஓட்டுநரிடம். ஆட்டோ வயல்களுக்கு நடுவே கும்மிடிப்பூண்டிப் பக்கம் திரும்பியது.